கடல் நக்கின முகம்

நான் பெண் எடுத்த வீட்டில், ஆண்களுக்கு முப்பது தாண்டினால் முகத்தில் பரு மாதிரி ஒன்று வரும். பரு என்றால் பரு இல்லை. சிவக்காது, பழுக்காது, வலிக்காது, கிள்ளினால் சீழும் வராது. மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாக, ரவையைத் தூவி ஒட்டவைத்தது போல நிற்கும். வந்தது போகாது. வருசம் போகப் போகக் கூடும்.

எங்கள் படகுத்துறையில் அதற்குக் கடல் நக்கின முகம் என்று பெயர். உப்புக் காற்றில் கிடக்கிற இத்தனை பேரில் இந்தக் குடும்பத்தை மட்டும் கடல் நக்கிப் பார்த்து அடையாளம் போட்டு வைத்திருக்கிறது என்று நம்பினார்கள். "நக்கின வாய் கடிக்காது" என்று ஒரு சொல்லும் உண்டு. அது நாய்க்குச் சொன்னதா கடலுக்குச் சொன்னதா என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்டுதான் மாப்புள, கிட்டப் போற ஆளைப் பொறுத்தது" என்றார்கள்.

அதனால் ஒரு வழக்கம். தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்று அடங்கிக் கடல் தெளிந்ததும் அட்டைக்குக் குளிக்கப் போகும் பருவம் தொடங்கும். கடலட்டையைத்தான் சொல்கிறேன், காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் பொறுக்கி வருவார்கள். பருவத்தின் முதல் நாள், கரையில் நிற்பவர்கள் பார்க்கும் தூரத்திலேயே படகை நிறுத்தி, அந்த முகம் உள்ளவர் முதலில் குதிக்க வேண்டும். ஒரு பிடி மண்ணோ பாசியோ அள்ளிக்கொண்டு அவர் மேலே வந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கடல் திறக்கும். அந்த முகம் ஏறாத படகில் ஏற ஆட்கள் யோசிப்பார்கள்.

நான் வெளியூர் மாப்பிள்ளை, முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். கடல் காரியத்தில் வாயைத் திறந்தால், "கரையில கட்டின மாடு மீனுக்கு வழி சொல்லுது" என்று அடக்கிவிடுவார்கள்.

எங்கள் கலியாணம் முடிந்த அடுத்த பருவத்தில் என் மாமனார் மௌத்தானார். தண்ணீருக்குள் இல்லை. முதல் ஆளாகக் குதித்து, நல்லபடியாக மேலே வந்து, படகில் ஏறி உட்கார்ந்து, பிளேன்டீயை வாங்கி வாயில் வைத்தவர், "நெஞ்சுக்குள்ள ஆரோ பாய் சுருட்டுறான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய்ந்திருக்கிறார். கரைக்கு வந்தபோது ஆள் இல்லை. அவருடைய நானாவும், மூத்த அண்ணன், அதற்கு முன்பு இப்படித்தான் போனாராம். யாரும் அதிசயப்படவில்லை. நக்கின வாய் கடிக்காது என்று சொன்ன அதே ஆட்கள், ஜனாஸாவுக்கு வந்து, "கடல் தன்ர ஆளைக் கூப்பிட்டுச்சு" என்றார்கள். ஒரே வாயில் இந்த இரண்டு சொல்லும் எப்படிச் சண்டை இல்லாமல் குடியிருந்தன என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகு என் மச்சானின் முறை வந்தது. மனைவியின் தம்பி, நல்ல முக்குளிப்பாளர். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். ஒரு நோன்பு மாதத்தில் அவர் மூக்கின் ஓரத்தில் முதல் வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அடுத்த வருசப் பெருநாளுக்குள் இரண்டு கன்னமும் நிறைந்துவிட்டது. துறையில் அவரைப் பார்க்கிற பார்வை மாறியது. வயதில் மூத்தவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். சிலர் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே கண்ணை எடுக்காமல் அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படகுக்காரச் சம்மாட்டி புதிய ரப்பர் உடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார். என் மனைவி மட்டும் தேசிக்காயும் மஞ்சளும் அரைத்து, தம்பியைக் கதிரையில் இருத்தி, அந்த முகத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள். தோல்தான் சிவந்தது. பொட்டுகள் அப்படியே நின்றன.

பருவம் திறக்கக் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு பின்னேரம் மச்சான் பாயில் குந்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். காலையில் சிலிண்டர் தூக்கியதில் இருந்து ஒரு பக்கம் குத்துகிறது என்றார். முகம் வெளிறியிருந்தது.

"மச்சான், முதுகுல காதை வச்சுப் பாருங்க."

வைத்தேன். வலப்பக்கம் காற்று வந்து போகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

"இப்ப மத்தப் பக்கம்."

இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. அவர் மூச்சு வாங்குகிறார், தோள் ஏறி இறங்குகிறது, உள்ளே சத்தம் இல்லை. பூட்டிய வீட்டுக் கதவில் காதை வைத்தது போல இருந்தது.

"ஆரும் இல்லத்தானே?" என்று கேட்டார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அவரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். இடது நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். விலாவில் துளைபோட்டுக் குழாய் வைத்து, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டார்கள். நெஞ்சில் அடைபட்ட காற்று அதன் வழியாக வந்தது. மச்சான் இருமினால் போத்தலுக்குள் குமிழி கிளம்பும். கட்டிலுக்குக் கீழே யாரோ முக்குளித்துக் கிடந்து மூச்சு விடுவது போலவே இருந்தது அது. மச்சானும் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"கீழ ஒருத்தன் இருக்கான் மச்சான். இன்னும் மேல வரல்ல."

"வாயை மூடிக்கிட்டுப் படு" என்றாள் ராத்தாக்காரி, என் மனைவி.

அங்கே நெஞ்சு நோய் பார்க்கிற டொக்டர் அம்மா ஒருவர். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த பிறகு அவர் மச்சானின் மூக்கைப் பார்த்தார். விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். வீட்டில் வேறு யாருக்கு இது உண்டு என்று சிங்களத்தில் கேட்டார். ஆண்களுக்கு மட்டும்தான் என்று நான் சொன்னேன். அப்படி இருக்காதே என்றார். நான் அதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவள் முக்காட்டை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் கழுத்தைக் காட்டினாள். அதே வெள்ளைப் பொட்டுகள். நான் அதை வேர்க்குரு என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பெண்ணின் கழுத்தைக் கடல் நக்கியதென்று துறையில் யாரும் சொன்னதில்லை.

ஒரு பொட்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர நாள் பிடித்தது. வந்ததும் டொக்டர் எங்களை இருத்தி வைத்து விளக்கினார். அபூர்வமான வருத்தம், பரம்பரை நோய்; மூன்று வைத்தியர்களின் பெயரைக் கோத்து வைத்த பெயர் அதற்கு. என் நாக்கில் அது நிற்கவில்லை. விளங்கியதைச் சொல்கிறேன். முகத்துப் பொட்டு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் அதே விதை நெஞ்சுக்குள்ளும் முளைக்கிறது. நுரையீரலில் மெல்லிய தோலுள்ள குமிழிகள் இருக்கும், அவை எப்போதும் வெடிக்கலாம். சிறுநீரகத்தில் கட்டி வளரக்கூடும் என்பதால் அதையும் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பூவா தலையா போட்டுப் பார்ப்பது போல.

இனி முக்குளிக்கவே கூடாது என்றார். அடியில் சிலிண்டர்க் காற்றைக் குடித்துவிட்டு மேலே ஏறும்போது காற்று உள்ளே விரியும். குமிழி வெடிப்பது அப்போதுதான். ஆபத்து இறங்கும்போது இல்லை, ஏறும்போது.

மாமனாரின் கதையை மனைவி சொன்னாள், நான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன். நேரில் பார்க்காததை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அவருக்கும் இதே குமிழி வெடித்திருக்கலாம் என்றார் டொக்டர்.

திரும்பி வரும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தேன். கடலுக்கு ஆகவே ஆகாத ஆட்களைத்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேடிப் பிடித்து முதலில் குதிக்க வைத்திருக்கிறோம். அதற்கு அடையாளமும் அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. நாங்கள் அதைத் தலைகீழாக வாசித்திருக்கிறோம்.

மச்சான் வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறிய நேரம், கடல் தெளிந்துவிட்டது. சம்மாட்டியின் படகு இன்னும் கரையில் கிடந்தது. முதல் ஆள் இல்லாமல் எவனும் ஏறவில்லை. சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் நம்பினவர்தான்.

"சிலிண்டர் வேணாம் தம்பி. கரை தெரியிற தூரம்தானே. தலையை முக்கிட்டு எழும்பினாப் போதும்."

மச்சான் என்னைப் பார்த்தார். "கழுத்தளவு தண்ணிதானே மச்சான். அவனுகள் எல்லாம் பட்டினி கிடக்கிறானுகள்."

"டொக்டர் என்ன சொன்னா?" என்றேன்.

"டொக்டர் அட்டை குளிக்கிறாவா?" என்று சம்மாட்டி கேட்டார். மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். இத்தனை பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவர் தலையை முக்குவதோடு நிற்க மாட்டார். அடிமண்ணைத் தொடாமல் மேலே வந்த பழக்கம் அவருக்கு இல்லை.

அப்போது குசினியில் இருந்து மனைவி வந்தாள். அந்நிய ஆண் முன்னால் தலை திறக்காதவள், வாசலில் நின்று முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"நானா, நல்லாப் பாருங்க. என்னையும் நக்கித்தான் இருக்கு. என்னைக் கூட்டிக்கிட்டுப் போய்க் குதிக்க வைங்க. வாப்பாவைக் கொண்டுவந்து கிடத்தின மாதிரி என்னையும் கொண்டுவந்து கிடத்துங்க."

சம்மாட்டி தலையைக் குனிந்தார். "மூடுங்க தங்கச்சி, மூடுங்க" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். மச்சான் மறுபடியும் கதிரையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் குதிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

படகு கடைசியில் போகத்தான் செய்தது. ஆனால் போன விதம் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு ஆட்கள் எல்லோரும் எங்கள் வேலி ஓரம் வந்து நின்றார்கள். ஒருத்தர் மச்சானைக் கரைவரை வரச் சொன்னார். குதிக்க இல்லை, சும்மா நிற்க. மச்சான் போய் மணலில் நின்றார். நானும் மனைவியும் பக்கத்தில் நின்றோம். அவர்கள் ஒவ்வொருவராகக் கடலில் கையை நனைத்துக்கொண்டு வந்து, ஈரக் கையால் மச்சானின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படகில் ஏறினார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சிலர் இரண்டு தரம் தொட்டார்கள். சம்மாட்டி கடைசியாக வந்து, தொடுவதா விடுவதா என்று என் மனைவியைப் பார்த்தார்.

"தொட்டுட்டுப் போகட்டும்" என்றாள் அவள், என்னிடம் சொல்வது போல. "ஆள் கரையில நிண்டாச் சரி."

படகு சிறுத்து மறைந்த பிறகும் மச்சான் முகத்தைத் துடைக்கவில்லை. வெயில் ஏறியதும் அந்தத் தண்ணீர் காய்ந்து கன்னமெல்லாம் வெளுத்துவிட்டது. எது பொட்டு, எது உப்பு என்று கிட்ட நின்ற எனக்கே தெரியவில்லை.