வெளிமாநிலத்துப் பிள்ளை

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் மருத்துவ அறையில் டாக்டர் மெர்சி யாருக்கும் மாத்திரையை மேசைமேல் வைத்துத் தரமாட்டாள். இரண்டு கையையும் ஏந்தச் சொல்லி அதில்தான் போடுவாள். வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்றொரு பலகை. அந்தக் கணக்கு தன்னால் கெட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில், தொழிலாளிகள் நசுங்கிய விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு தலைவலி என்று வந்து நிற்பார்கள். பலகைக்கு மட்டும் ஒரு காயமும் இல்லை.

அந்த விரல்களைப் பிழைக்கவைக்கும் படிப்பு வேண்டும், அதுதான் மெர்சியின் ஆசை. எம்.பி.பி.எஸ். படித்தது வெளிமாநிலத்தில். கை அறுவையில் கெட்டிக்காரரான பேராசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். அவரிடமே எலும்பு மருத்துவம் மேற்படிப்பு படிக்க நினைத்தாள். அந்த ஊர் பாஷையைக் கற்று, தூக்கம் கெட்டு வார்டில் உழைத்தபோது ‘நம்ம பொண்ணு’ என்றார்கள். சீட்டு என்று வந்ததும் வெளியாள் ஆகிவிட்டாள். பாதி இடம் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. மீதிக்கு நாடே முட்டிமோதியது. சொந்த மாநிலத்திலும் அவள் ரேங்குக்கு அந்தப் படிப்பு எட்டவில்லை.

கடைசிச் சுற்று முடிவு ஒரு மத்தியானம் வந்தது. இல்லை. அடுத்த நிமிஷமே அவளோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த ஜாஸ்மின் போனில் குதித்தாள். மெர்சி கேட்ட அதே படிப்பு, அதே கல்லூரி அவளுக்குக் கிடைத்துவிட்டது. மார்க் மெர்சியைவிடக் குறைவு. ஆனால் ஜாஸ்மின் அந்த ஊர்க்காரி. அவள்மேல் என்ன தப்பு? மெர்சி வாழ்த்தினாள். போனை வைத்ததும் வயிறெரிந்தது. எரிந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அப்பா தாவீது பக்கத்திலேயே இருக்கும் சொந்த ஊரான வல்லம் வடகாலிலிருந்து கூப்பிட்டார்.

“இன்னாம்மா ஆச்சு?”

“கெடைக்கலப்பா.”

“நம்ம நெலத்துல கம்பெனி கட்டி எங்கெங்க இருந்தோ வந்து வேல செய்றாங்க. நாம யாரையாவது வெளியாளுன்னு சொல்லிகினு இருக்கமா? நம்ம பொண்ணு போனா மட்டும் இன்னாத்துக்கு வெளியாளுன்றாங்க?”

மெர்சி போனை வைத்தாள்.

கதவு தட்டும் சத்தம். சுடலைக்கண்ணு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி, வேலைக்குப் புதுசு.

“தல வலிக்கி டாக்டரம்மா. ஒரு மாத்திர தாங்க.” இடது கையை மட்டும் நீட்டினார்.

“ரெண்டு கையையும் நீட்டுங்கண்ணே.”

பேன்ட் பையிலிருந்து வலது கை மெல்ல வெளியே வந்தது. டேப்பைப் பிரித்தாள். ஆள்காட்டி விரல் நசுங்கி எலும்பு தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கட்டுப்போட உட்கார்ந்தாள்.

“எங்கயும் அனுப்பாதிய. வெரல எடுத்துருவாவ. நீங்களும் டாக்டர்தான? நீங்களே தச்சிரக் கூடாதா?”

முடிவு வந்ததிலிருந்து அடக்கிவைத்த கண்ணீர் அப்போதுதான் வந்தது.

“எனக்குத் தெரியாதுண்ணே. கத்துக்கத்தான் எடம் கேட்டேன், தரல.”

சுடலைக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நீட்டினார்.