மெத்தைக்கு அடியில் ஒரு கை

கால் பம்பை மிதித்து மிதித்துப் பஞ்சம்மாளின் வலது கெண்டைக்கால் இடதைவிடத் தடித்துப்போயிருந்தது. மலைக்கு மேலே, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் அந்தக் கேம்பில் பதினான்கு கூடாரங்கள். கூடாரத்துக்கு இரண்டு காற்று மெத்தை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆரம்பித்தால் ஐந்து மணிக்குள் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவாள். கரண்டில் ஓடும் பம்பும் ஒன்று இருந்தது. அது மெத்தையை மத்தளமாக்கிவிட்டுத்தான் நிற்கும் என்று அவள் அதைத் தொடுவதில்லை.

வெயிலில் முழுக்க நிரப்பினால் உள்ளே காற்று விரிந்து மெத்தையின் ஒட்டு விட்டுப்போகும். பனி இறங்கியதும் அதே மெத்தை தொளதொளத்துவிடும். அதனால் மத்தியானம் கொஞ்சம் குறைத்தே நிரப்பி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மறுபடி ஒரு சுற்று வருவாள். அளக்கும் கருவி எதுவும் கிடையாது. மெத்தைமேல் முழங்காலை ஊன்றி, அடியில் உள்ளங்கையை விட்டுப் பார்ப்பாள். முழங்கால் வந்து கையில் தட்டக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

"அக்கா, வர்றவுகளோட எடைய மொதல்லயே கேட்டு எழுதி வச்சுக்கிரட்டுமா?" என்பான் மேனேஜர் திலீபன்.

"எழுது. பொம்பளையாளுககிட்ட மட்டும் நீயே கேட்டுக்க. அடி விழுந்தா என்னயக் கூப்பிடாத."

நாலு வருசமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போன தை மாதம் அவள் புருசன் ராக்கையா, கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தார். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்ஸம்மா அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: காற்று மெத்தையில்தான் படுக்கவைக்க வேண்டும், எலும்பு தரையில் தட்டிக்கொண்டே கிடந்தால் தோல் அழுகிப் புண் வைக்கும், புண் எலும்புவரை போய்விட்டால் ஆள் தங்குவது கஷ்டம். விசயம் கேள்விப்பட்ட திலீபன், மூன்று ஒட்டுப் போட்ட பழைய மெத்தை ஒன்றை ஜீப்பில் கொடுத்தனுப்பினான். மலையடிவாரத்தில் கோம்பையில் இருந்த வீட்டில், தகரம் போட்ட பின்னறையில் அதை விரித்தாள். மலையில் படித்த பாடம்தான் இங்கேயும். உச்சி வெயிலில் தகரம் கொதித்து மெத்தை விறைக்கும்; விடிவதற்குள் சொத்தென்று இறங்கிவிடும். காலையும் மாலையும் அவர் இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துப் பார்த்தே நாலு மாதம் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் வைத்திருந்தாள்.

சீசன் வந்ததும் திலீபன் மூன்று நாளைக்கு மட்டும் கூப்பிட்டான். மகன் ஈஸ்வரபாண்டி காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு எர்ணாகுளம் போயிருந்தான். "போய்ட்டு வாங்கத்தே, நான் பாத்துக்கிறேன்" என்றாள் மருமகள் ஜோதிலட்சுமி.

"மத்தியானம் கெட்டியா இருக்குன்னு நம்பிராத ஆத்தா. காலைல, சாயங்காலம், ரெண்டு நேரமும் அடியில கைய விட்டுப் பாரு."

ஜோதிலட்சுமி தலையாட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் பஞ்சம்மாள் வந்து சேர்ந்தாள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போய், வழக்கம்போலக் கையை விட்டாள். கை உள்ளே போகவில்லை. விரல்கள் அவர் இடுப்பெலும்புக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன. ஒருக்களித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது.

"பக்கத்து வீட்டுப் பிச்சைமணி மாமா தெனமும் வந்து தொடச்சு விட்டாக அத்தே" என்று ஜோதிலட்சுமி அழுதாள். "வேக்குருன்னு சொல்லிப் பவுடரு போட்டாக. காத்தும் பாத்தேன். மத்தியானம் மத்தியானம் அமுக்கிப் பாத்தேன். கல்லாட்டம் இருந்துச்சு."

"எங்கன அமுக்குன?"

அவள் மெத்தையின் கால்மாட்டு மூலையைக் காட்டினாள்.

"அடியில கை விடச் சொன்னேன்ல?"

"மாமாவுக்கு அடியிலயா…" என்றவள் தலை குனிந்துகொண்டாள். அவரைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூட, அடியில் விரித்த வேட்டியின் முனையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறாள். விரல் நுனி பட்டதில்லை.

பஞ்சம்மாளுக்கு ஏச மனசு வரவில்லை. தன் மாமனார் உட்கார்ந்த பாயை, அவர் தெருமுனை தாண்டிய பிறகு சுருட்டிய மருமகள்தானே அவளும். நாலு மாதத்தில் ஒருநாள்கூட இந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கை விட்டுப் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள்.

தேனி ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுரண்டிக் கட்டுப் போட்டார்கள். புண் ஆழம், வியாழக்கிழமைக்குள் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுபடி கொண்டுவரச் சொன்னார்கள். புதன்கிழமையும் உடம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பஞ்சம்மாள் பம்பை மிதித்துக்கொண்டிருந்தபோது ராக்கையா சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அந்தக் காலண்டரு இருக்குல்ல பஞ்சு. நீ காத்தடிச்சு வச்சேன்னா முருகன் மயிலு என் கண்ணுக்கு நேரா நிக்கும். காத்து இறங்குச்சுன்னா மயிலு மேல போயிரும்."

பம்பின் மேலிருந்த கால் நின்றது.

"அப்ப, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு நாளுமா?"

"விடியக்காலம் மேல போகும். உச்சிக்கு நேரா வந்துரும்."

"அந்தப் பிள்ளைக்கு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா நீங்க? கையக் கழுவிட்டு வந்து பாத்துட்டுப் போறா."

"அதான்" என்றார் ராக்கையா. "வந்து கைய விட்டுப் பாக்கும்ல."

அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். மரத்திலிருந்து விழுந்த அன்றுகூட அந்த முகம் இப்படி இருக்கவில்லை. மீதிக் காற்றையும் அடித்து மூடியைத் திருகினாள். வரும் சனிக்கிழமை எல்லாக் கூடாரமும் நிறைந்துவிட்டதென்று திலீபன் காலையில் இரண்டு தடவை போன் செய்திருந்தான். போகவில்லை என்று சொல்லிவிடலாம். இந்த வாரம் சொல்லலாம். அடுத்த வாரமும் சொல்லலாம். அவளே ஒருநாள் விழுந்து கிடந்தால், இந்த மனுசனுக்கு அடியில் கை விட யார் இருக்கிறார்கள்?

கதவருகே நிழலாடியது. ஜோதிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். தோளில் துண்டு. முழங்கைவரை கழுவிய கைகளிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டியது. கல்யாணமாகி வந்த இந்த இரண்டு வருசத்தில் அவள் அவர் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் அத்தை வழியாகத்தான் போகும். இப்போது நேராக அவரைப் பார்த்தாள்.

"மாமா, நான் பாக்கட்டா?"

பஞ்சம்மாள் எழுந்து இடம் விட்டாள். சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று அவளுக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

ராக்கையா காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். மயில் கண்ணுக்கு நேராக இருந்தது.

கைத் தண்ணீர் காயும்வரை ஜோதிலட்சுமி நின்றாள். பிறகு, துடைக்க ஒன்றும் இல்லாத கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனாள்.