பனிக்குக் கறுப்பு பூசுகிறவள்

கீழறையில் குவிந்திருந்த மண்ணைக் குன்செஸ் முதுகுக்கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். போன அறுவடை முடிந்த கையோடு, தரை இறுகும் முன் வயலிலிருந்து சுமந்துவந்து கொட்டிய மண். லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இந்தக் குவியல் இருந்தது. மார்ச் கடைசியில் வயலில் இடுப்பளவு பனி கிடக்கும். மண்ணைத் தூவிக் கறுப்பாக்கினால் வெயிலைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் முன்னாலேயே கரைந்துவிடும். இங்கே கோடை, உட்காரச் சொல்வதற்குள் கிளம்பிவிடுகிற விருந்தாளி. பத்து நாள் பிந்தினால் பார்லி முற்றாது.

இந்த வேலையில் குன்செஸை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமாகி வந்த முதல் வருடமே, மாமியார் எழுந்திருக்கும் முன் வயலைக் கறுப்பாக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாளாம். அன்று முதல் முப்பத்தோரு வருடம் ஊரில் முதலில் கறுத்தது அவள் வயல்தான். மற்றவர்கள் கையால் இறைப்பார்கள். அவள் கூடையைச் சாய்த்து இடுப்பை ஒரு வெட்டு வெட்டுவாள். மண் விசிறியாக விரிந்து விழும். சமையல் சுமார், பின்னல் அதைவிடச் சுமார். அதையெல்லாம் அவளே சொல்லிவிடுவாள். இதில் மட்டும் யாரும் பாராட்டாவிட்டால் தானே பாராட்டிக்கொள்வாள்.

அந்தப் பெருமைதான் போன வருடம் அவளைக் கவிழ்த்தது. குளிர்காலம் முழுக்க விழுந்த பனி கணுக்காலைத் தாண்டவில்லை. ஊரில் ஒருவரும் கூடையைத் தொடவில்லை.

"அதுவே போயிடும். போறதப் பிடிச்சுத் தள்ளணுமா?" என்றான் கணவன் ஸ்தோப்தன்.

கை கேட்டால்தானே. பதினோரு கூடை வீசினாள். மூன்றே நாளில் பனி தண்ணீராகி, குளிரில் கல்லாகிக் கிடந்த தரையில் இறங்க வழியில்லாமல் சரிவில் ஓடி, கீழ்வயல் நில்சாவின் வரப்பில் தேங்கிக் கண்ணாடிப் பாளமாக உறைந்தது. சரியாக விதைக்கிற நேரத்தில் அந்தப் பாளம் இளகி நில்சாவின் வயலை நனைத்தது. மலையிலும் பனி குறைவு என்பதால் வாய்க்காலில் நூல்போலத்தான் தண்ணீர். குன்செஸின் பார்லி விரலுயரத்தில் நின்றுவிட்டது.

அறுவடைக்குப் பிறகு நில்சா ஒரு கிண்ணம் வறுத்த பார்லி மாவோடு வந்தாள்.

"உங்க பனிதானேக்கா. உங்களுக்குத் தராம தின்னா எனக்குச் செரிக்காது."

குன்செஸ் மாவை வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை.

குளிர்காலம் முழுக்க ரேஷன் அரிசி. வயிறு நிறைகிறது, கால்தான் நிற்கமாட்டேன் என்கிறது என்று முனகிக்கொண்டே தின்றாள். இந்த வருடமும் பொய்த்தால் வயலைத் தரிசாகப் போட்டுவிடுவது என்று ஸ்தோப்தன் ஒரே பிடியாக நின்றான்.

"மொதல்ல என்னத் தூக்கிப் போடுங்க, அப்புறம் வயலப் போடலாம்" என்றாள்.

இந்த வருடமும் கணுக்கால் பனிதான். அவள் கூடை நிரப்புவதைக் கண்டு ஸ்தோப்தன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மறுபடியுமா? நில்சாகிட்ட போய்ச் சொல்லட்டுமா, தண்ணி வருது, பாத்திரம் எடுத்து வையின்னு?"

"சும்மா நிக்கிற வாய்க்கு ரெண்டு கையும் இருக்குல்ல? அந்தக் கூடையத் தூக்குங்க."

ஆனால் அவள் வயலின் நடுவுக்குப் போகவில்லை. கீழ் ஓரத்தில் மண்ணைக் கொட்டி, மிதித்து, தண்ணீர் தெளித்தாள். குளிரில் அது இறுகிக்கொண்டது. முழங்காலளவு வரப்பு எழும்பியது. இனி பனி கரைந்தாலும் அவள் வயலிலேயே தேங்கி, அங்கேயே உறைந்து, விதைப்புக்குக் காத்திருக்கும். ஊர் முழுக்கத் தரை கடப்பாரைக்கே மசியாத நேரத்தில் பொலபொலவென்று மண் இருந்தது அவள் கீழறையில் மட்டும்தான். இது ஸ்தோப்தனுக்கு ஏழாவது கூடையில் புரிந்தது. கடைசியாக இரண்டு கூடையை மட்டும், இடுப்பை வெட்டி, பனிமேல் விசிறினாள். அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

மதியம் நில்சா சமையலறைக்கு வந்து, வெண்ணெய்த் தேநீரை ஊதிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கிண்ணத்த வாங்கிட்டுப் போலாம்னு வந்தேங்க்கா." கண் மட்டும் ஜன்னல் வழியே வரப்பில் இருந்தது. "நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. அப்போ என் வயலுக்கு?"

"உன் வயல்ல விழுந்தது உனக்கு."

"அத நாலு ஆடு நக்கினாத் தீந்துடும்!"

"கீழ இன்னும் எட்டு கூடை மண்ணு கெடக்கு. நீயும் கட்டிக்கோ. கூடை கொண்டாந்தியா?"

நில்சா சிரித்துவிட்டாள். "வாசல்லயே வெச்சிருக்கேன்."

ஸ்தோப்தன் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்படி ரெண்டு பேரும் கட்டிட்டா, இவளுக்கும் கீழ என் தங்கச்சி வயல் இருக்கே. அதுக்கு என்ன போகும்?"

நில்சா குன்செஸைப் பார்த்தாள். குன்செஸ் அடுப்பில் ஒரு வறட்டியைச் செருகினாள். மாடத்திலிருந்து கிண்ணத்தை எடுத்துத் துடைத்து நில்சாவின் மடியில் வைத்தாள். "உங்க தங்கச்சியையும் கூடை கொண்டாரச் சொல்லுங்க" என்றபடி கூடைக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மண் அள்ளக் கீழறைக்கு இறங்கிப் போனாள்.