மதியம் இரண்டு மணிக்கு நேர்காணல்

பிரெஞ்சுக் கம்பெனிகளுக்கு இங்கிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் அப்போதுதான் புதுச்சேரிக்குள் எட்டிப் பார்த்திருந்தது. சென்னைக்காரர்கள் மிஷன் வீதியில் ஒரு மாடியைப் பிடித்து, உள்ளூர்க்காரனான என்னை மேனேஜராக உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டர் இருந்தது, நாற்காலி இருந்தது, ஆள்தான் இல்லை. டெபிட் கிரெடிட் தெரிந்தவர்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. பிரெஞ்சு தெரிந்தவர்களோ கணக்கு என்றதும் கும்பிடு போட்டார்கள்.

"இந்தத் தடவையும் ஆள் கிடைக்கலேன்னா ஆபீஸைச் சென்னைக்கே கொண்டு போயிடலாம்" என்றார் டைரக்டர் போனில். ஆபீஸ் போய்விடும். தொப்பையும் வழுக்கையுமாக நான் இங்கேயே நிற்பேன்.

நேர்காணலுக்குத் தேதி குறித்ததும் அவர் ஒரு குத்து குத்தினார். "மதியம் ரெண்டு மணிக்கு வெச்சா வருவாங்களா? உங்க ஊர்ல ஒரு மணிக்குக் கடையைச் சாத்திட்டுத் தூங்கப் போயிடுவீங்களாமே?"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அதெல்லாம் அந்தக் காலம் சார். ரெண்டுக்கே வைங்க." சொல்லி முடித்ததும் எனக்கே கொட்டாவி வந்தது.

அந்த நாளும் வந்தது. டைரக்டர் மேஜைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு. ஒரு ஈ மட்டும் நேர்காணலுக்கு வந்து போனது. இரண்டரைக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வீதி நெடுக ஷட்டர் இறங்கியிருந்தது. நடு ரோட்டில் ஒரு நாய், என் எதிர்காலத்தைப் போல மல்லாந்து கிடந்தது.

முகம் கழுவும் சாக்கில் கீழே இறங்கினேன். வாட்ச்மேன் விழித்துக்கொண்டார்.

"என்னா சார், மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?"

"இன்டர்வியூக்கு யாராவது வந்தாங்களா?"

"இந்நேரத்துக்கா? எவன் சார் இந்நேரத்துல வெச்சது? வெளியூர்க்காரனா?"

"ஆமா, வெளியூர்க்காரன்தான்" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குக் கார் வந்துடும். அதுக்குள்ள ஒரு காபி கிடைக்குமா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரு வீதி, காந்தி வீதி எல்லாம் அலைந்தேன். ஒரு டம்ளர் காபி கிடைக்கவில்லை. கடைசியில் வீட்டுக்கே போய் மனைவியை எழுப்பினேன்.

"யாரு செத்துட்டாங்க?" என்று பதறினாள்.

"நான்தான். காபி போடு."

ஃபிளாஸ்க்கோடு திரும்பியபோது வாசலில் கார் நின்றது. படியேறினால், டைரக்டர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். காபியை ஊற்றினேன். அவசரத்தில் பாதி அவர் செருப்புக்குப் போனது. அவர் குனிந்து துடைக்கும்போது கீழே கடகடவென்று ஒரு ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எங்கள் மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

தலைக்குக் குளித்து, பளிச்சென்று ஃபைலோடு ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் படி கொள்ளாத கூட்டம்.

"ரெண்டு மணின்னு பேப்பர்ல போட்டிருந்தோமே, இவ்ளோ லேட்டா வர்றீங்க?" என்றார் டைரக்டர்.

"லேட்டா? மொத ஆளா வரணும்னு ஓடியாந்தேன் சார். பேப்பர்காரன் நேரத்த மாத்திப் போட்டுட்டான்னுதான் எல்லாருமே நெனச்சோம். எந்தப் பைத்தியக்காரன் சார் ரெண்டு மணிக்கு வெப்பான்?"

அந்தப் பைத்தியக்காரன் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

டைரக்டர் நின்றபடியே ஒரு பிரெஞ்சு பில்லை நீட்டினார். அவள் தங்குதடையில்லாமல் படித்து, எதை எந்தக் கணக்கில் போடுவது என்றும் சொன்னாள். அவர் பையைக் கீழே வைத்தார்.

"பிரான்ஸ்ல ஆபீஸ் மூடறப்ப இங்க ராத்திரி ஆயிடும். அதுவரைக்கும் இருப்பீங்களா?"

"மத்தியானம் தூங்கிட்டா எவ்ளோ நேரம் வேணாலும் இருப்பேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "காரைக் காத்திருக்கச் சொல்லுங்க" என்றார்.

விளக்கு போட்ட பிறகும் நேர்காணல் நடந்தது. தேவைக்கு மேலேயே ஆள் தேறியது. காலையில் கொஞ்சம், நாலு மணிக்கு மேல் மிச்சம் என்று அவரே வேலை நேரத்தையும் மாற்றி எழுதினார்.

காரில் ஏறும்போது, "இந்த ஊர்ல யாரும் தூங்கறதில்லேன்னு சொன்னீங்களே?" என்றார்.

"மேனேஜர் மட்டும் தூங்கறதில்ல சார்" என்றேன்.

மறுநாள் ஒரு மணிக்கு எங்கள் வீதியில் முதலில் இறங்கிய ஷட்டர் எங்களுடையது.