லெய்லா தொடாத இறைச்சித் துண்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று கற்பிட்டியில் மீனைப் பாயில் காயப்போடும் என் கருவாட்டு வாடியில் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். கொழும்பு வியாபாரிகூட என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். அப்படிப்பட்டவனின் தங்கை மகளை ஊர் பெருமைக்காரி என்றால் இரத்தம் கொதிக்காதா?

அவள் பெயர் லெய்லா. அவளுக்குப் பிறக்கும்போதே மூளையின் பின்பக்கம், வலப்புற மடிப்புகள் ஒழுங்காக உருவாகவில்லை. கண் இரண்டும் பழுதில்லை. கண் டொக்டரின் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசிப்பாள். ஆனால் நேரே பார்க்கும்போது இடது பக்கம் இருப்பது தெரியாது. யுத்தம் முடிந்து நாலாம் வருடம், இடப்பக்கமாக வந்த மோட்டார் சைக்கிளில் அடிபட்டு ஸ்கேன் எடுத்தபோதுதான் எங்களுக்கே விளங்கியது. அதுவரை, பாயின் இடது பக்க மீனைத் திருப்பிப் போடவில்லை என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன்!

சுஹைருக்கு அவளைப் பேசி முடித்தோம். விருந்தில் பெண்கள் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டுச் சோற்றைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கமறியா நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து லெய்லாவுக்கு இடப்பக்கம் வைத்தாள். லெய்லா தொடவே இல்லை. மறுநாள் அவள் சொல்லியனுப்பிய ஆள் வந்தது: "எங்கட கையால வெச்சதத் திங்காத புள்ள எங்களுக்கு வேணாம்."

ஸ்கேன் படத்தோடு லெய்லாவையும் கூட்டிக்கொண்டு அப்போதே போனேன். வாசலில் நின்றே கத்தினேன்: "அவள்ட கண் நல்லம்! மூளையிலதான் பிழை!"

தெருவே நின்று கேட்டது. கமறியா முக்காட்டை இழுத்துவிட்டாள். "யா அல்லாஹ்! பெருமை எண்டுதானே நெனச்சன். அப்ப புள்ளைக்குப் பைத்தியமா?"

"ஆருக்குடி பைத்தியம்?" என்று பாய்ந்தேன். லெய்லா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாய மூடுங்க மாமா. மீன் ஏலம் கூறுற மாதிரி என்ன ஏன் தெருவுல கூவுறீங்க?" என்றவள் கமறியாவிடம் திரும்பினாள். "மாமி, சோறு இரிக்கா? அண்டைக்கு வெச்ச மாதிரியே வைங்க."

கமறியா திகைத்துப்போய் எங்களை உள்ளே உட்காரவைத்து, தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். லெய்லா நேரே பார்த்தாள்.

"இப்ப எனக்குச் சோறு மட்டுந்தான் தெரியுது." தலையை இடப்பக்கம் திருப்பினாள். "இப்ப இறைச்சி தெரியுது." எடுத்துத் தின்றாள்.

"இவ்வளவுதானா? அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மகள்!"

"துண்டு வெச்சதே எனக்குத் தெரியாதே. நீங்க கேட்டீங்களா? ஆளத்தானே அனுப்பினீங்க?"

கமறியாவின் குரல் இறங்கியது. "சரி புள்ள, பேசின கலியாணம் பேசினபடியே இருக்கட்டும்."

"சுஹைர் வந்து கேக்கட்டும். அதுக்குப் பொறகு நான் சொல்றன்." கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து சுஹைர் வந்தான். எனக்கோ கோபம் ஆறவில்லை, வெயிலிலேயே நிறுத்திவைத்தேன்.

"உள்ளுக்கு விடுங்க மாமா," என்றாள் லெய்லா. "கேக்கப்போறது என்னட்டத்தானே?"