கலந்த பொங்கல்

என் அத்தை பொய் சொல்வதை விட்ட வருஷம் எங்கள் லயத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. குருவிட்டவுக்கு மேலே, வரிசை வீடுகளான எங்கள் லயங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாலைக் கூட்டிக் காட்டுவது எங்கள் தோட்டத்தில் களவில் சேராது. எல்லோரும் செய்தார்கள், அத்தையும் செய்தாள். ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் நடந்த ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கியபின் ஒரு நாள், பால் அளக்கிற இடத்தில், “நேத்து வரைக்கும் நான் தண்ணி கலந்தேங்க, இனிமே கலக்க மாட்டேன்” என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அவர் அவளைப் பாராட்டிவிட்டு, பின்னால் நின்ற அத்தனை பேருடைய வாளிகளையும் சோதித்தார். அன்று அத்தைக்கு விழுந்த திட்டுகளை இங்கே எழுத முடியாது.

திட்டு பரவாயில்லை. அப்பா கோயில் கமிட்டித் தலைவர். மாரியம்மன் கோயில் தலைவரின் சொந்தத் தங்கை கிறிஸ்தவ வேதத்துக்குப் போய்விட்டாள் என்றால் அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்? சந்தியில் கடை வைத்திருந்த சிங்கள முதலாளி மட்டும், “ஏக்க எயாகே கெமெத்தனே” என்றார், அது அவளுடைய விருப்பம்தானே என்று. அப்பா அந்தக் கடையில் ஒரு மாதம் பீடி வாங்கவில்லை.

யாரும் எந்தச் சமயத்தையும் பின்பற்றலாம் என்று பள்ளிக்கூடத்தில் குடியியற் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, முழுப் புள்ளியும் வாங்கியிருந்தேன். அந்தச் சட்டம் லயத்துக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா அத்தையோடு பேச்சை நிறுத்தினார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அத்தை எங்கள் வீட்டை விட்டு, கீழ் லயத்தில் காலியாகக் கிடந்த கடைசி ஒற்றையறைக் காம்பராவுக்குப் போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பக்கத்தில்தான் நான் படுத்திருந்தேன். எத்தனை தரம் குளித்தாலும் அவள் கையில் ரப்பர்ப் பாலின் புளித்த வாடை இருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற அந்த வாடை இல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது, அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பா இறங்கி வந்தார். “சாமிப் பொங்கல ஒரு வாய் சாப்பிடச் சொல்லு. வேற ஒண்ணும் நான் கேக்கல. வீட்டுக்கு வந்துரட்டும்” என்றார். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது ஜெபக்கூடத்தின் சட்டம். அத்தை வரமாட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். எனக்கோ, ஒரே ஒரு வாய்தானே என்று பட்டது.

எங்கள் கோயிலில் ஒவ்வொரு வீடும் தனித்தனிப் பானையில் பொங்கும். படைத்து முடிந்ததும் பூசாரி எல்லாப் பானையிலிருந்தும் ஒவ்வொரு அகப்பை அள்ளி, பெரிய அண்டாவில் கொட்டிக் கிளறிவிடுவார். சாமிப் பொங்கல் என்பது அதுதான். யார் வீட்டுச் சோறு யார் வயிற்றுக்குப் போகிறது என்று யாரும் பிரித்துச் சொல்லக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. திருவிழா அன்று என் பங்கை வாங்கி டிபன் பெட்டியில் அடைத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு ஓடினேன்.

“படைச்சதா?” என்று அத்தை கேட்டாள்.

“இல்ல அத்த. அம்மா ஒங்களுக்குன்னு வீட்டுல தனியா ஆக்குனாங்க. சாமிகிட்ட வைக்கவே இல்ல.”

அத்தை பெட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மூச்சிரைக்க நின்றிருந்தேன். கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். “நல்லா இருக்கு” என்று பெட்டியைக் கழுவித் தந்தாள்.

கோயில் வாசலுக்கு வந்து நான் போட்ட கூச்சலில் தப்பு மேளக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். “அத்த சாமிப் பொங்கல் சாப்புட்டுட்டாங்க!” அப்பாவின் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவரே கீழ் லயத்துக்கு இறங்கினார். நான் அவருக்கு முன்னால் குதித்துக்கொண்டு போனேன்.

அத்தை வாசலில் எழுந்து நின்றாள். நான் புளுகியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. “சாப்பிட்டது உண்மதான் அண்ணே. ஆனா ஜெபத்துக்குப் போறத விட மாட்டேன். அது தெரிஞ்சு கூப்புடுறதுன்னா வர்றேன்” என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே என் பக்கத்தில் வந்து படுத்திருப்பாள். அப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிவிட்டார். எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி ஆற்றங்கரைக்கும் போய்விட்டது. யாருக்கும் தெரியாமல் அத்தையின் பின்னால் போய், தகரக் கதவோரம் நின்றேன். பாஸ்டர் நல்ல மனிதர். சபைக்கு முன்னால் அத்தையை நிறுத்தினாலும், தப்பிக்க வழியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

“தெரியாமத்தானம்மா சாப்பிட்டீங்க?”

ஆமாம், அண்ணன் மகள் ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“தெரிஞ்சுதான் சாப்பிட்டேங்க.”

“அப்ப அதுக்கு வருத்தப்படுறேன்னு சொல்லிருங்க. ஆண்டவர் மன்னிப்பார்.”

“வருத்தமா இல்லீங்களே. எப்பிடிச் சொல்றது?”

வருத்தம் வந்தபின் வரலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே ஓடி, படைக்காத சோறென்று பொய் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவோரம் என்னைப் பார்த்த அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அத்தையும் ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நானும் அவளும் இனி ஒரே கட்சி என்று பட்டது.

மேலே வீட்டிலும் கீழே ஜெபக்கூடத்திலும் இடமில்லாமல் போனவள் அடுத்த மழைக்கு முன் வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போனாள். முதலில் மாதம் ஒரு தரம் பேசினாள். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. அப்புறம் அதுவும் இல்லை. கடைசியாக அவள் பேசிய எண்ணுக்கு எடுத்தால், பதிவு செய்த குரலில் ஒரு பெண் அரபியில் ஏதோ சொல்கிறாள். எனக்கு இப்போதும் அத்தை வேண்டும். அந்தப் புளித்த வாடைக்காக ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டும்போது பஸ் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

இப்போது நான் இரத்தினபுரியில் ஆசிரியை. அதே குடியியற் பாடத்தை நானே நடத்துகிறேன். போன திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது பூசாரி என் கையில் சாமிப் பொங்கலை வைத்தார். முதல் தடவையாக அதை நின்று பார்த்தேன். சிவப்புப் பச்சரிசியும் வெள்ளைப் பச்சரிசியும் கலந்திருந்தது. ஒரு வீட்டுப் பயறு, இன்னொரு வீட்டு முந்திரிக் கஜு, யாரோ அடிபிடிக்க விட்ட கருகல். எங்கள் வீட்டில் அம்மா வெள்ளைப் பச்சரிசி தவிர வேறெதிலும் பொங்கியதில்லை. அந்தப் பானையை அம்மாவோடு நின்று வருஷா வருஷம் கிண்டியவள் அத்தை. டிபன் பெட்டியைத் திறந்து அவ்வளவு நேரம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

எனக்காக ஒரு பொய் சொன்னாள் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அத்தை அன்றைக்கும் பொய் சொல்லவில்லை.

கையைக் கழுவாமலே போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினேன். அந்த அரபிப் பெண்தான் பேசினாள்.