சயாம் விசாவுக்கு எழுதிய மனு

மோட்டார் சைக்கிளிலேயே மதராஸ் வரைக்கும் போய்விடலாம் என்று முதலில் சொன்னவன் நான். பிற்பாடு எல்லாரும் அதை என் நண்பனுடைய கிறுக்கு என்றே பேசினார்கள். நானும் திருத்தவில்லை. அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபதாம் வருஷத்தை ஒட்டிய காலம். எனக்கு இருபத்தேழு வயது, கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த குடும்பம். அப்பா கிராணி, சித்தப்பா கிராணி. ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவனைத்தான் எங்கள் வீட்டில் ஆளாக மதிப்பார்கள். நண்பன் ஜாலான் புசாரில் ஒரு பட்டறையில் மெக்கானிக். பட்டறைக்கு மேலே ஒரே அறை. அதில் அவனும் அவன் அம்மாவும். என்னுடைய பழைய ஸ்கூட்டர் மாதம் இரண்டு தடவை அவனிடம் போகும், அப்படி வந்த பழக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான், கிராணி என்றுதான் கூப்பிடுவான்.

பிரிட்டிஷ் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளை எங்கோ பிடித்து வந்து, வேலை முடிந்த நேரங்களில் ஒரு வருஷம் அதைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். அது ஓடத் தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின்னால் உட்காரவைத்து புக்கிட் பாஞ்சாங் வரை போனான். அப்போது அந்தப் பக்கமெல்லாம் ரப்பர் மரமும் பன்றிப் பண்ணையும்தான். சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு சிகரெட் பிடித்தோம். நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"இந்த ரோட்டையே பிடிச்சு மேல போனா ஜொகூர், பினாங்கு, சயாம், பர்மா. அப்படியே மதராஸ்."

அவன் சிரிக்கவில்லை. "சயாம் வழியாவா?" என்றான்.

"வேற வழி ஏது?"

"அப்ப போவோம்."

அதற்கப்புறம் எட்டு மாதம் எங்களுக்கு இதே வேலைதான். கம்பெனியில் மூன்று மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். துரை ஒரு விளையாட்டு போல நினைத்துச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாஸ்போர்ட் எடுத்தோம். அம்மை ஊசி, காலரா ஊசி போட்டு அதற்கான மஞ்சள் அட்டைகளில் முத்திரை வாங்கினோம். ஒவ்வொரு விசாவுக்கும் எத்தனை படம் கேட்பார்கள் என்று தெரியாததால் ஆளுக்கு இரண்டு டஜன் எடுத்து வைத்தோம். அவன் படத்துக்காக யாரிடமோ கோட்டு இரவல் வாங்கியிருந்தான். தோள் பெரிதாக இருந்தது. படத்தில் அவன் கோட்டுக்குள் நின்றுகொண்டிருப்பது போல இருக்கும்.

பர்மாவுக்குள் தரை வழியாகப் போவதற்கு ரங்கூனிலிருந்து தனியாக அனுமதி வர வேண்டும் என்றார்கள். அதற்கு ஒரு நீண்ட கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, எங்கள் வாயில் இன்னும் சயாமாகவே இருந்த தாய்லாந்தின் விசாவுக்கான படிவங்களை வாங்கி வந்தோம். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சரபத் கடையின், டீக்கடைதான், மேசையைத் துடைத்து, நான்தான் இருவருடையதையும் நிரப்பினேன். அவன் ஆங்கிலம் பேசுவான், எழுத வராது. பிறந்த ஊர், வேலை, எத்தனை நாள், எதற்காக. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டே வந்து ஒரு கேள்வியில் நின்றேன்.

"எப்பவாவது கைது செய்யப்பட்டதுண்டான்னு கேட்டிருக்கு."

"இல்லன்னு போடு."

"அந்தப் பதினோரு நாள்?"

சில வருஷங்களுக்கு முன்பு ஊரில் பஸ் ஓடாமல் வேலைநிறுத்தம் நடந்தபோது, மறியலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இவன் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அங்கே இருந்தவர்களோடு சேர்த்து இவனையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். பதினோரு நாள் வைத்திருந்துவிட்டு, வழக்கு எதுவும் போடாமல் அனுப்பிவிட்டார்கள். இதை அவனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

"கேஸே போடலியே லா. அதை எதுக்கு எழுதணும்?"

"கேஸ் போட்டாங்களான்னு கேக்கல. கைதான்னு கேட்டிருக்கு. பின்னால தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

அவன் தேநீரை ஆற்றிக்கொண்டே என் பேனாவைப் பார்த்தான். "நீ படிச்சவன். உனக்குத்தான் தெரியும். எது சரியோ அதைப் போடு" என்றான்.

ஆம் என்று எழுதினேன். பக்கத்தில், பதினோரு நாள், குற்றச்சாட்டு இல்லாமல் விடுவிக்கப்பட்டார் என்று நல்ல கையெழுத்தில் விளக்கமும் எழுதினேன். உண்மையைத்தானே எழுதினோம் என்று பல வருஷம் என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இரண்டு படிவத்திலும் கூட வருபவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அவனுடையதில் என் பெயர் இருந்தது. அவன் மறைத்தது வெளியே வந்தால் என் வேலைக்கு ஏதாவது வருமோ என்ற பயம்தான் அந்த ஆம் என்ற சொல்லை எழுத வைத்தது. உண்மை மேல் இருந்த பற்றெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது.

பர்மாவிலிருந்து பதில் முதலில் வந்தது. தரை வழியாக அனுமதிப்பதில்லை என்று நாலு வரி. மதராஸ் அத்தோடு போயிற்று. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி கூட. அவனிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"பர்மா போனா போகுது. சயாம் வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்றான். அவன் முகத்தில் ஏமாற்றமே இல்லை.

அடுத்த மாதம் விசா அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். பெரிய மரங்கள் நின்ற சாலையில் ஒரு பங்களா. அவன் பட்டறையில் அரை நாள் கேட்டுக்கொண்டு, சலவைச் சட்டையோடு வந்திருந்தான். என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தந்தார்கள். அவனுடையதை வெறுமனே திருப்பித் தந்தார்கள். காரணம் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகவே படிவத்தைத் திருப்பி, என் கையெழுத்தில் இருந்த விளக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டார்கள், நான் எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவன் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அப்புறம்தான், ரோட்டைப் பார்த்தபடியே, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். சண்டைக் காலத்தில் அப்பா போய்விட்டார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எத்தனையோ பேருடைய அப்பா அப்படிப் போயிருந்தார். எங்கே, எப்படி என்று நான் கேட்டதில்லை. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரை, மூன்று மாத வேலை என்று சொல்லி, ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். இவனுக்கு அப்போது பத்து, பதினோரு வயது. ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து திரும்பி வந்த ஒரு ஆள், காஞ்சனபுரி என்ற ஊரில் அவரை உடம்பு முடியாமல் பார்த்ததாகச் சொன்னாராம். அதோடு சரி. அம்மா இவனைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்துவிட்டார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா வேற மாதிரி எழுதியிருப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பஸ் வந்தது, ஏறினோம்.

எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தையெல்லாம் போட்டு மேல்முறையீடு மாதிரி ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. என் விசாவுக்குக் கெடு மூன்று மாதம். அது ஓடிக்கொண்டிருந்தது.

"நீ போய்ட்டு வா கிராணி" என்றான் ஒரு நாள். "லீவும் கிடைச்சிருக்கு. அந்த ஊரு எப்படி இருக்கு, நம்ம ஆளுங்களுக்கு ஏதாச்சும் கல்லு, கில்லு வெச்சிருக்காங்களான்னு பாத்துட்டு எங்கிட்ட வந்து சொல்லு." எல்லையில் தகராறு வரக்கூடாது என்று வண்டியையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தான். நான் வேண்டாம் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. எனக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது.

பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலாயா முழுக்க மழை. எல்லை தாண்டிய பிறகு சாலை பல இடத்தில் வெறும் செம்மண். இரண்டாம் வாரம் ஒரு காட்டு ஓரத்தில் செயின் அறுந்தது. அவன் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எது எதற்கு என்று படம் வரைந்து கொடுத்திருந்த சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு அது பத்து நிமிஷ வேலை. கடைசியில் ஒரு மாட்டு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் ரயில் நிலையத்தில் விட்டார். மீதி வழியை வண்டியும் நானும் ரயிலில்தான் போனோம்.

காஞ்சனபுரியில் ரயில் பாதை போட்டுச் செத்தவர்களின் கல்லறைத் தோட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கத்தரித்த புல், வரிசை வரிசையாகக் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, பத்தொன்பது, முப்பத்தொன்று. எல்லாம் ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஒரு வரிசை விடாமல் நடந்தேன். காலையில் தொடங்கியது, முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஒரு தமிழ்ப் பெயர் இல்லை. புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் என் கறுத்த கையைக் காட்டி, இந்த ஆட்கள் எங்கே என்று சைகையில் கேட்டேன். அவருக்குப் புரிந்தது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ஆற்றின் பக்கம், அதற்கு அப்பால் இருந்த மலை, காடு என்று கையை ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லா இடத்திலும் என்பது போல.

ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே செய்ய எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மறுநாள் திரும்பிவிட்டேன்.

சிங்கப்பூர் வந்து சேர்ந்த அன்று மத்தியானம் வீட்டுக்குக் கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போனேன். அவன் சாமான் வாங்க வெளியே போயிருந்தான். அவன் அம்மா மாடியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். மேலே போனேன். தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"அந்த ஊருக்குப் போனியாப்பா?"

"போனேம்மா."

"அவரு பேரு இருந்துச்சா?"

"இல்லம்மா. வெள்ளைக்காரங்க பேருதான் இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"எல்லா வரிசையும் பாத்தேம்மா. ஒண்ணு விடல."

அந்த அம்மாள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "பேரு இல்லல்ல? அப்ப அவரு அங்க இல்ல" என்றார். "நான் அப்பவே சொன்னேன். எங்கயோ மாட்டிக்கிட்டு வர வழி தெரியாம இருக்காரு." அடுப்பைப் பற்றவைக்க எழுந்து போனார். திரும்பிப் பார்த்தால் நண்பன் படியில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை.

கீழே இறங்கி வந்ததும்தான் பேசினான்.

"நான் போயிருந்தா ஏதாச்சும் ஒரு எடத்துல ஒரு பிடி மண்ணை அள்ளிக்கிட்டு வந்து, இதாம்மா அப்பா, இங்கதான் பொதைச்சாங்கன்னு சொல்லியிருப்பேன். அம்மா அழுது முடிச்சிருக்கும். அதுக்குத்தான் போக நெனச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே..."

"நீ சொல்ல மாட்டே கிராணி" என்றான். அவன் என்னிடம் கடுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அதுவும் கடுமை என்று வெளியே யாருக்கும் தெரியாது.

வண்டியைத் திரும்ப அவன் பெயருக்கு மாற்ற எத்தனையோ முறை கேட்டேன். ஆகட்டும், ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான். ஒரு வருஷம் பட்டறை ஓரத்தில் தார்ப்பாயைப் போட்டு மூடிக் கிடந்தது. கடைசியில் அவன் சொன்ன ஆளுக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கும் கல்யாணமாகி, ஸ்கூட்டரை விற்றுவிட்டு பஸ்ஸில் போய் வரத் தொடங்கியிருந்தேன். பட்டறைப் பக்கம் போகக் காரணம் இல்லாமல் போயிற்று.

மூன்று நாலு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அவன் மீன் வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நரை விழுந்திருந்தது. அவனாகவே சொன்னான்: சயாமுக்குப் போய்விட்டு வந்தானாம், ரயிலில். சாலை ஓரத்தில் மனு எழுதிக் கொடுக்கும் ஒரு கிழவரிடம் படிவத்தைக் கொடுத்திருக்கிறான். அவர் அந்தக் கேள்வியை இவனிடம் கேட்கவே இல்லை, எல்லாருக்கும் எழுதுவது போல இல்லை என்று எழுதிவிட்டாராம். மூன்றாம் வாரம் விசா வந்துவிட்டது.

"மண்ணு கொண்டாந்தியா?" என்றேன்.

"கொண்டாந்தேன். அம்மா கையில கூட வாங்கல. அந்தக் கிராணிப் புள்ள எல்லா வரிசையும் பாத்துட்டு வந்து இல்லன்னு சொல்லிருச்சு, அது பொய் சொல்லாது, நீ யாரு மண்ணையோ அள்ளிட்டு வந்திருக்கேன்னு சொல்லிருச்சு."

மீன்காரர் பொட்டலத்தை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். என் மனைவி கர்ப்பமாக இருப்பதை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள், எத்தனையாவது மாதம் என்று விசாரித்தான். ஏழு என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

மறு வருஷம் அந்த அம்மாள் இறந்த செய்தி எனக்குத் தெரிய வரும்போது காரியமெல்லாம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆபீசுக்குப் போகும் வழியில் இறங்கிப் பட்டறைக்குப் போனேன். அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தான். வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றான். "தூக்கத்துலயே போயிருச்சு" என்றான். நான் என்னவோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இரண்டு நிமிஷம் நின்றிருப்போம். உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார், அவன் போனான். நானும் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போய்விட்டேன்.